லேசர் பேனா வாங்கினேன், கோடு வரவில்லை: மூன்று நிறத் தொகுப்பு, நான்கு மாத அனுபவம்

நான்கு மாதங்களுக்கு முன்பு ஒரு லேசர் பேனாத் தொகுப்பு வாங்கினேன். கறுப்புப் பெட்டிக்குள் சிவப்பு, பச்சை, ஊதா என்று மூன்று பேனாக்கள், ஒரு பாதுகாப்புக் கண்ணாடி, ஒரு சின்ன விளக்கத்தாள். மூடியின் மேல் ஒரு படம். இருட்டான பின்னணியில் மூன்று பேனாக்களிலிருந்தும் வாள் போல மூன்று கதிர்கள் கிளம்பி மூடியின் ஓரம் வரை பாய்கின்றன. பேனாக்களைப் பற்றி எழுதும்போது அந்தப் படத்தைப் பற்றியும் எழுதியாக வேண்டும். இதை வாங்குகிறவர்களில் பெரும்பாலோர் அந்தப் படத்தை நம்பித்தான் வாங்குவார்கள்.

எதற்கு வாங்கினேன் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். வேலை முடிந்த பிறகு, இரவில், ஒரு புதிர் விளையாட்டை உருவாக்கி வருகிறேன். கண்ணாடிகளைத் திருப்பித் திருப்பி லேசரை மடக்கி, கதவின் பூட்டில் பட வைக்க வேண்டும். விளையாட்டு அவ்வளவுதான். ஆனால் கதிரை வரைவதிலேயே பல வாரங்கள் போய்விட்டன. எந்த நிறம் கொடுத்தாலும், எவ்வளவு ஒளிர விட்டாலும், திரையில் அது நியான் குழாய் மாதிரியே இருந்தது. நிஜ லேசர் ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பார்த்துப் பார்த்து வரையலாம் என்று நினைத்தேன்.

பெட்டி வந்த அன்று அக்கா மகன் வீட்டில் இருந்தான். பன்னிரண்டு வயது. பேனாவை அவன் கையில் கொடுக்கவில்லை. நானே பிடித்து, எதிர்ச் சுவரை நோக்கிப் பொத்தானை அழுத்தினேன். சுவரில் சிவப்புப் புள்ளி விழுந்தது. பேனாவுக்கும் சுவருக்கும் நடுவே ஒன்றுமே இல்லை.

"சித்தி, இது ரிப்பேர். கோடே வரல."

பச்சையை அழுத்தினேன். புள்ளி மட்டும் கூசுகிற அளவுக்குப் பளிச்சென்று இருந்தது. ஊதாவில் அதுவும் இல்லை, மங்கலாக ஒரு பொட்டு.

"கேம்ல எல்லாம் வருதே?"

பேனா ரிப்பேர் இல்லை. மூன்றும் சரியாகவே வேலை செய்தன. கண்ணுக்குள் வந்து சேர்கிற ஒளியைத்தான் நாம் பார்க்கிறோம். லேசரின் ஒளி முழுவதும் ஒரே திசையில், சுவரை நோக்கிப் போய்க்கொண்டிருக்கிறது. பக்கத்தில் நிற்கிற என் கண்ணுக்கு அது வருவதற்குக் காரணமே இல்லை. சுவரில் பட்டு நாலா பக்கமும் தெறிக்கும்போதுதான் ஒரு பங்கு என்னிடம் வருகிறது, அதுதான் புள்ளி. நடுவழியில் கோடு தெரிய வேண்டுமென்றால், நடுவழியில் ஏதாவது குறுக்கே இருந்து கொஞ்சம் ஒளியை என் பக்கம் தட்டிவிட வேண்டும். தூசி, புகை, நீர்த்துளி, அதுவும் இல்லையென்றால் காற்றின் மூலக்கூறுகள். ஆக, கோடு என்று நாம் பார்ப்பது போய்ச் சேர வேண்டிய இடத்துக்குப் போகாமல் வழியில் சிதறிய ஒளி. கோட்டை வரைவது காற்று. பேனா தயாரிப்பவர் புள்ளியைத்தான் விற்க முடியும், கோட்டை விற்க முடியாது. மூடியில் இருக்கும் படத்துக்கும் உள்ளே இருக்கும் பொருளுக்கும் இடையிலான தூரம் அதுதான்.

அக்கா மகனுக்கு இதைச் சொன்னேன். அவன் நம்பவில்லை. அதனால் அன்று இரவு முதல் ஒவ்வொன்றாகச் சோதிக்க ஆரம்பித்தோம்.

முதலில் இருட்டறை. ஜன்னல் திரைகளை இழுத்துவிட்டு, விளக்கை அணைத்து, இருபது நிமிடம் சும்மா பேசிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். கண் இருட்டுக்குப் பழக அவ்வளவு நேரமாவது வேண்டும். பிறகு பச்சையை அழுத்தினேன். கோடு இருந்தது. மூடியில் இருப்பது போல வாள் இல்லை, சிலந்தி நூல். பேனாவின் முனையிலிருந்து சுவர் வரை ஒரு மெல்லிய, அசையாத பச்சை நூல். சிவப்பில் எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் நூல் தெரியவில்லை. மூன்று பேனாக்களின் மேலும் ஒரே அளவுதான் அச்சிட்டிருக்கிறது: 5 மில்லிவாட்டுக்குக் கீழ், லேசர் பாதுகாப்பு வகைப்பாட்டில் வகுப்பு 3ஆர். அப்படியானால் இந்த வித்தியாசம் எங்கிருந்து வருகிறது?

பாதி காற்றிலிருந்து, பாதி கண்ணிலிருந்து. காற்று மூலக்கூறுகளால் நடப்பது பள்ளியில் படித்த ராலே ஒளிச்சிதறல். 1871இல் ராலே பிரபு கணக்குப் போட்டுக் காட்டியது. அலைநீளம் குறையக் குறைய சிதறல் நான்காம் அடுக்கில் ஏறும். சிவப்புப் பேனா 650 நானோமீட்டர், பச்சை 532. கணக்கிட்டால் பச்சை சுமார் 2.2 மடங்கு அதிகம் சிதறுகிறது. அப்புறம் கண். பகல் வெளிச்சத்தில் நம் கண்ணுக்கு 555 நானோமீட்டர் பச்சைதான் மிகப் பிரகாசம். அதை 100 என்று வைத்தால், 532 சுமார் 88, 650 சுமார் 11. அதாவது எட்டு மடங்கு. இரண்டையும் பெருக்கினால், ஒரே திறனுள்ள பச்சைக் கதிர் சிவப்பைவிட ஏறத்தாழ 18 மடங்கு தெளிவாகத் தெரிய வேண்டும். இருட்டுக்குப் பழகிய கண்ணில் இடைவெளி இன்னும் பெரிது. அப்போது வேலை செய்வது குச்சி செல்கள், அவை ஆழ்ந்த சிவப்பைப் பெரும்பாலும் கண்டுகொள்வதே இல்லை.

ஊதா இதைவிடச் சுவாரசியம். 405 நானோமீட்டர் என்பதால் பச்சையைவிட மூன்று மடங்கு சிதறுகிறது. காற்றின் கணக்கில் பார்த்தால் மூன்றில் நன்றாகத் தெரிய வேண்டிய கதிர் இதுதான். ஆனால் அதே 100 அளவுகோலில் நம் பகல் பார்வை 405க்குக் கொடுப்பது 0.1 கூட இல்லை. அறையெங்கும் ஒளியைத் தூவிக்கொண்டிருக்கிறது, நமக்குத்தான் அதைப் பார்க்கத் தெரியவில்லை. இதைப் புரிந்துகொண்ட இரவில் எனக்குத் தூக்கம் வர நேரமானது. தெரிகிறதா இல்லையா என்பதை நான் பொருளின் குணமாகவே நினைத்து வந்திருக்கிறேன்.

அடுத்தது தூசி. ஒரு பழைய போர்வையை உதறினேன். பச்சை நூல் உடைந்து மின்னும் பொடிகளாக ஆனது. தூசித் துகள் ஒவ்வொன்றும் கதிருக்குள் நுழையும்போது பளிச்சென்று எரிந்து, வெளியேறும்போது அணைந்தது. சிவப்பிலும் இதைப் பார்க்க முடிந்தது. முதல்முறையாகச் சிவப்பில் ஏதோ ஒன்று நடுவழியில் தெரிந்ததும் அவன் கத்தியே விட்டான். எந்த விளையாட்டிலும் நான் இப்படிப் பார்த்ததில்லை. விளையாட்டுகளில் கதிர் மழமழவென்று ஒரே சீராக இருக்கும். நிஜத்தில், தூசியில், அது கொதிக்கிறது.

குளியலறைச் சோதனையை வீட்டில் செய்கிறவர்கள் ஒன்றை மறக்காதீர்கள்: முதலில் கண்ணாடியைத் துண்டால் மூடுங்கள், குழாய் போன்ற பளபளப்பான உலோகங்களையும் மூடுங்கள். திரும்பி அடிக்கும் கதிர் நேர்க்கதிருக்குச் சமம். வெந்நீரைத் திறந்து, கதவைச் சாத்தி, ஆவி நிரம்பும் வரை காத்திருந்தோம். அங்கேதான் பெட்டியின் மூடிப் படம் உயிரோடு வந்தது. சிவப்பு, பச்சை இரண்டும் தடித்த கோடுகளாக நின்றன. ஊதாகூட மங்கலாகத் தெரிந்தது. ஆவியின் நீர்த்துளிகள் ஒளியின் அலைநீளத்தைவிடப் பெரியவை. அந்த அளவுத் துளிகள் செய்வது, மீ என்ற இயற்பியலாளரின் பெயரால் வழங்கும் மீ ஒளிச்சிதறல், அதற்கு நிறம் பெரிய விஷயமில்லை. எல்லா நிறத்தையும் ஏறக்குறைய ஒரே மாதிரி தெறிக்க விடும். மேகம் வெள்ளையாக இருப்பதும் இதனால்தான். இசை நிகழ்ச்சிகளில் லேசர் கதிர்கள் அவ்வளவு அழகாகத் தெரிவதற்கும் இதுவே காரணம். அரங்குக்குள், கிளைக்கால் என்ற வேதித் திரவம் கலந்த நீரிலிருந்து மெல்லிய புகைமூட்டத்தை ஒரு இயந்திரம் விடாமல் பரப்பிக்கொண்டே இருக்கும். அங்கே இருக்கும் லேசர்கள் பல வாட் திறன் கொண்டவை, என் பேனாவைப் போல ஆயிரம் மடங்கு. அப்படியிருந்தும் புகைமூட்டம் இல்லையென்றால் அவ்வளவு அழகு வராது.

ஆவி மிக அதிகமானபோது ஒரு விஷயம் நடந்தது, என் விளையாட்டுக்கு அதுதான் மிகவும் உதவியது. கோடு இன்னும் தெளிவாகும் என்று எதிர்பார்த்தேன். பேனாவின் அருகே தடித்து ஒளிர்ந்து, கொஞ்ச தூரத்திலேயே கரைந்து, சுவரை எட்டாமல் போனது. புள்ளியே காணோம். இதையே கண்ணாடித் தம்ளரிலும் செய்து பார்க்கலாம். சுத்தமான நீரில் கோடு மிக மங்கல். ஒரு சொட்டுப் பால் விட்டால் அருமையான கோடு. பத்துச் சொட்டு விட்டால் தம்ளர் முழுக்க ஒளிர்கிறது, கோடு எங்கே போனது என்று தெரியாது. சிதறிய ஒளி மறுபடி மறுபடி சிதறி எல்லா இடத்தையும் நிரப்பிவிடுகிறது. கோட்டைப் பார்க்க வேண்டுமானால் கொஞ்சம் ஒளியை இழக்க வேண்டும், ரொம்ப இழந்தால் கோடே இருக்காது. நிறைய விளையாட்டுகளில் அடர்ந்த மூடுபனிக்குள்ளும் லேசர் கடைசிவரை ஒரே தடிமனில் போய்க்கொண்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். இதைப் பார்த்த பிறகு என்னால் அதை ஏற்க முடியவில்லை.

தம்ளரைப் பற்றிப் பேசும்போது ஒன்று: தூசியே இல்லாத தூய திரவத்தில்கூட அந்த மங்கலான தடம் முழுவதும் மறையாது, ஏனென்றால் மூலக்கூறுகளே சிதறடிக்கின்றன. திரவங்களில் இப்படிச் சிதறும் ஒளியைத் துருவித் துருவிப் பார்த்ததில்தான் 1928இல் ராமன் விளைவு கிடைத்தது. லேசர் பிறந்ததே 1960இல். சூரிய ஒளியையும் வடிகட்டிகளையும் வைத்துக்கொண்டு அதைக் கண்டுபிடித்தார்கள் என்பதை நினைத்தால், கையில் ஒரு பேனாவை வைத்திருப்பது எவ்வளவு பெரிய வசதி என்று தோன்றுகிறது.

இன்னொரு சோதனையை ஆவியில் தனியாகச் செய்தேன். பேனாவை ஒரு நிறுத்தியில் பொருத்திவிட்டு, கைபேசியை முதலில் பேனாவுக்குப் பின்னால் பக்கவாட்டில் வைத்துப் படமெடுத்தேன். பிறகு எதிர்ச் சுவருக்கு அருகில், கதிரிலிருந்து நன்றாக ஒதுக்கி வைத்து, பேனாவின் பக்கம் பார்த்தபடி எடுத்தேன். வெளிச்ச அளவைப் பூட்டிவிட்டுத்தான் இரண்டையும் எடுத்தேன். இரண்டாவது படத்தில் கதிர் பல மடங்கு பிரகாசம். நீர்த்துளிகள் ஒளியைப் பெரும்பாலும் முன்பக்கமாகவே சாய்த்துவிடுகின்றன, பின்னால் திருப்பி அனுப்புவது குறைவு. உங்களை நோக்கி வரும் கதிர் பளிச்சென்றும், உங்களிடமிருந்து விலகிப் போகும் கதிர் மங்கலாகவும் இருக்கும். விளையாட்டு உருவாக்குகிறவர்களுக்கு இதற்கான சூத்திரம் கையில் இருக்கிறது. ஹென்யே, கிரீன்ஸ்டீன் என்ற இரு வானியலாளர்கள் 1941இல் விண்மீன்களுக்கு இடையிலுள்ள தூசிக்காக எழுதியது, இன்று மூடுபனியை வரைய அதையே பயன்படுத்துகிறார்கள். நானும் அதை மூடுபனிக்குப் போட்டிருந்தேன். லேசருக்குப் போட வேண்டும் என்று தோன்றவே இல்லை. போட்ட அன்றே நியான் குழாய் மறைந்துவிட்டது. வீரர் நடந்து கதிரைச் சுற்றி வரும்போது அது மங்கிப் பிரகாசிக்கிறது. பல வாரப் பிரச்சினைக்குத் தீர்வு அந்தக் குளியலறையில் கிடைத்தது. இந்தத் தொகுப்பு எனக்குக் கொடுத்த பெரிய லாபம் அதுதான்.

விளையாட்டுகள் எல்லாமே தப்பு என்று நான் சொல்லவில்லை. கதிரின் ஒளியைப் பின்னணியோடு கூட்டி வரைகிற முறை சரியானது, வெளிச்சமான சுவருக்கு முன்னால் கதிர் கரைந்து போவது நிஜத்திலும் அப்படியே. சுட்ட அந்தக் கணமே இலக்கில் படுவதாகக் கணக்கிடும் ஹிட்ஸ்கேன் முறையும் லேசருக்குச் சரி. ஐந்து மீட்டர் அறையை ஒளி கடக்க சுமார் 17 நானோவினாடி போதும். பறந்து வரும் துண்டு துண்டான லேசர்க் குண்டுகளை யாராலும் பார்க்க முடியாது, விலகவும் முடியாது. ஆனால் விலக முடியாவிட்டால் விளையாட்டு ஏது? அந்த மாற்றத்தை நான் மனதார ஏற்கிறேன். நடுவில் வெள்ளையும் ஓரத்தில் நிறமுமாக வரைவது வேறு கதை. அது கேமராவிலிருந்து வந்த பழக்கம். கேமராவின் உணரி நிரம்பி வழியும்போது நடுப்பகுதி வெள்ளையாகிவிடும். என் கண்ணுக்கு அந்தப் பச்சை நூல் முழுக்கப் பச்சையாகவே இருந்தது.

விண்வெளி விளையாட்டுகளில் கப்பலுக்குக் கப்பல் பாயும் கதிர்கள்தான் நிஜத்திலிருந்து மிகத் தொலைவில் இருப்பவை. அங்கே சிதறடிக்க ஒன்றுமில்லை. பட்ட இடம் மட்டும் ஒளிரும். பூமியிலேயே இதற்கு அருமையான சான்று இருக்கிறது. சிலியில், பரனால் மலையிலுள்ள பெரிய தொலைநோக்கி ஒன்றிலிருந்து 2016 முதல் நான்கு லேசர்களை வானத்தில் செலுத்துகிறார்கள். ஒவ்வொன்றும் 22 வாட், 589 நானோமீட்டர், ஆரஞ்சு கலந்த மஞ்சள். 90 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கும் சோடியம் அணுக்களை ஒளிரவைத்து, செயற்கை விண்மீன்களை உண்டாக்கி, காற்றின் நடுக்கத்தை அளப்பதற்காக. படங்களில் தெரியும் அந்த மஞ்சள் தூண், கீழே இருக்கும் அடர்ந்த காற்றில் சிதறுகிற ஒளி. மேலே காற்று மெலிய மெலியத் தூணும் மெலிந்து மறைகிறது. நிலவில் 1969 முதல் வைத்திருக்கும் எதிரொளிப்பான்களை நோக்கி அனுப்பும் துடிப்புகளும் அப்படியே. நிலவைச் சேரும்போது கதிர் ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர் அகலத்துக்கு விரிந்திருக்கும், வழியில் அதற்கு ஒரு தடமும் இல்லை. என் பேனாக்களும் விரிகின்றன. ஒரு மீட்டரில் 3 மில்லிமீட்டராக இருந்த பச்சைப் புள்ளி, பத்து மீட்டர் நடைபாதையின் மறுமுனையில் ஒரு சென்டிமீட்டரைத் தாண்டியிருந்தது. (தயவுசெய்து இந்தப் பேனாக்களை வானத்தை நோக்கிப் பிடிக்காதீர்கள். விமானியின் கண்ணில் அந்தப் பச்சை என்ன செய்யும் என்று யோசித்தால் போதும்.)

பேனாக்களின் தரத்துக்கு வருகிறேன். சிவப்பு எளிமையானது, உறுதியானது. உள்ளே ஒரே ஒரு டையோடு, ஒரு வில்லை. புள்ளி வட்டமாக இல்லை, நீள்வட்டம். இந்த வகையில் அது இயல்பு. நான்கு மாதத்தில் பேட்டரியை ஒருமுறைதான் மாற்றினேன். பொத்தான் கொஞ்சம் கடினம், அதை நான் நல்லது என்றே எடுத்துக்கொள்கிறேன். பைக்குள் தானாக அழுந்தாது. சுவரில் சிவப்புப் புள்ளியை உற்றுப் பார்த்தால் பொடிப்பொடியான மினுமினுப்பு தெரியும். அது பேனாவின் குறை இல்லை, லேசர் ஒளி தனக்குள்ளேயே மோதிக்கொள்வதால் வருவது. எனக்குக் கிட்டப்பார்வை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டுத் தலையை வலப்பக்கம் அசைத்தால் அந்தப் பொடிகள் இடப்பக்கம் ஓடுகின்றன. தூரப்பார்வை உள்ளவர்களுக்குத் தலையோடு சேர்ந்தே ஓடும். ஒரு சுவர்ப்புள்ளி என் கண்ணின் குறையைச் சொல்கிறது என்பது எனக்கு இன்னும் வியப்பாகவே இருக்கிறது.

ஊதாவைக் கோட்டுக்காக வாங்காதீர்கள். அது படுகிற பொருள்களைப் பேச வைக்கும். வெள்ளைத் தாளில் பட்டால் புள்ளி பளிச்சென்ற நீலம், ஏனென்றால் தாளில் கலந்திருக்கும் வெளுப்பூட்டி ஊதாவை வாங்கி நீலமாகத் திருப்பிக் கொடுக்கிறது. அதே புள்ளி உலோகத்தில் மங்கிய ஊதா. இருட்டில் ஒளிரும் ஸ்டிக்கரில் எழுதினால் எழுத்து சில நிமிடம் நிற்கும். அதே ஸ்டிக்கரில் சிவப்பால் எழுதினால் ஒன்றும் பதிவதில்லை. ஆனால் மங்கலாகத் தெரிவதால் ஆபத்து குறைவு என்று நினைத்துவிட வேண்டாம். கண்ணுக்குள் நுழையும் ஆற்றல் மற்றதைப் போலவே இருக்கும். கூசாததால் கண் சிமிட்டி விலகிக்கொள்வதும் தாமதமாகும்.

இப்போது பச்சை. என் உண்மையான புகார் இதில்தான்.

இந்த வகைப் பேனாவில் பச்சை நேரடியாகப் பிறப்பதில்லை. உள்ளே 808 நானோமீட்டர் அகச்சிவப்பு டையோடு ஒன்று இருக்கிறது. அது நியோடிமியம் கலந்த ஒரு படிகத்தைத் தூண்டி 1064 நானோமீட்டர் ஒளியை உண்டாக்குகிறது. இன்னொரு படிகம் அதன் அதிர்வெண்ணை இரட்டிப்பாக்கி 532 ஆக்குகிறது. இரண்டு படி மாற்றத்தில் மாறாமல் மிஞ்சும் அகச்சிவப்பு நிறைய. அதை வெளியே விடாமல் தடுக்க முனையில் ஒரு வடிகட்டி வைக்க வேண்டும். மலிவான பேனாக்களில் அது சில நேரம் இருக்காது. அமெரிக்காவின் என்ஐஎஸ்டி அளவியல் நிறுவனம் 2010இல் இதைப் பற்றியே ஓர் எச்சரிக்கை அறிக்கை வெளியிட்டது. வீட்டிலேயே சோதிக்கும் வழியையும் அதில் சொன்னார்கள். சி.டி. வட்டும் கேமராவும் போதும்.

கைபேசியின் முன்பக்கக் கேமராவுக்கு அகச்சிவப்பு தெரிகிறதா என்று டிவி ரிமோட்டை அழுத்தி முதலில் உறுதி செய்தேன். ரிமோட்டின் முனை திரையில் வெளிறிய ஊதாவாக மின்னியது. ஒரு அட்டையில் துளையிட்டு, துளை வழியாகப் பச்சையைச் செலுத்தி, பத்து சென்டிமீட்டர் தள்ளி வைத்த சி.டி.யில் பட வைத்தேன். சி.டி.யின் தடங்கள் 1.6 மைக்ரோமீட்டர் இடைவெளியில் இருப்பதால் ஒவ்வொரு அலைநீளத்தையும் ஒவ்வொரு கோணத்தில் அட்டைக்குத் திருப்பி அனுப்பும். கண்ணுக்குத் துளையிலிருந்து மூன்றரை சென்டிமீட்டரில் ஒரு பச்சைப் புள்ளியும், ஒன்பது சென்டிமீட்டர் அருகே இன்னொன்றும் தெரிந்தன. நடுவில் வெறும் அட்டை. கேமராவில் பார்த்தால் நடுவில், ஆறு சென்டிமீட்டர் அருகே, மூன்றாவதாக ஒரு புள்ளி எரிந்துகொண்டிருந்தது. 808 நானோமீட்டர் வந்து விழ வேண்டிய இடம் சரியாக அதுதான்.

அந்தப் புள்ளியைத் திரையில் பார்த்ததும் உடம்பு சில்லிட்டது. அதன் திறன் எவ்வளவு என்று அளக்க என்னிடம் கருவி இல்லை. ஆனால் அந்த ஒளி கண்ணுக்குத் தெரியாது, கூசாது, கண் சிமிட்டாது, விழித்திரை வரை தாராளமாகப் போகும். பேனாவில் ஒட்டியிருக்கும் சீட்டில் 532 மட்டுமே இருக்கிறது. பெட்டியோடு வரும் சிவப்பு நிறப் பாதுகாப்புக் கண்ணாடியையும் மாட்டிப் பார்த்தேன். பச்சையை நன்றாகத் தடுக்கிறது. அதைக் கேமராவுக்கு முன்னால் பிடித்தால் அந்த மூன்றாவது புள்ளி அப்படியே தெரிகிறது. அகச்சிவப்பைத் தாராளமாக விடுகிற பிளாஸ்டிக் அது. எந்த அலைநீளத்துக்கு எவ்வளவு தடுக்கும் என்ற குறிப்போ, லேசர் கண்ணாடிகளுக்கான ஈஎன் 207 போன்ற ஐரோப்பியத் தரக்குறியீடோ அதில் எங்கும் இல்லை. பச்சை மறைந்துவிட்டதே என்று நம்பி ஒருவர் கவனத்தைத் தளர்த்தினால், அந்தக் கண்ணாடி இல்லாமல் இருப்பதே மேல்.

படைகளிலும் இதே நிலைமைதான், அளவு மட்டும் பெரிது. அமெரிக்கக் கடற்படை 2014இல் பொன்ஸ் என்ற கப்பலில் வைத்துச் சோதித்த 30 கிலோவாட் லேசரும் அகச்சிவப்பு. சத்தமும் இல்லை, கோடும் இல்லை, இலக்கு தானாகப் பற்றிக்கொள்வது போல இருக்கும். இலக்கைச் சுட்டும் லேசர்களில் பெரும்பாலானவையும் 1064 நானோமீட்டர்தான். இரவுப் பார்வைக் கருவியை மாட்டினால் மட்டுமே அகச்சிவப்புக் கதிர் தெரிகிற மாதிரி அமைத்த சில விளையாட்டுகளை இப்போது நான் தனி மரியாதையோடு பார்க்கிறேன். யாரோ ஒருவர் உட்கார்ந்து யோசித்திருக்கிறார்.

எனவே யாருக்கு இந்தத் தொகுப்பு? சிவப்பு மட்டும் தனியாகக் கிடைத்தால் தயங்காமல் வாங்கலாம். பாடம் நடத்த, கண்ணாடி, வில்லை வைத்துச் சோதிக்க அது போதும். இன்னும் நல்லது 635 நானோமீட்டர் சிவப்பு, கண்ணுக்கு அது 650ஐப் போல இரண்டு மடங்கு பிரகாசம். பச்சை வேண்டுமென்றால் 515 முதல் 520 நானோமீட்டர் வரை எழுதியிருக்கும் நேரடி டையோடு பேனாவைத் தேடுங்கள். 532ஐவிடச் சற்றுக் குறைவாகத் தெரியும், ஆனால் உள்ளே அகச்சிவப்பே இல்லை. குளிரில் மங்குவதும் குறைவு. என் பச்சைப் பேனா குளிரான விடியற்காலையில் பாதி வெளிச்சத்தில்தான் எரிந்தது. 532 என்று எழுதியிருந்தால் அகச்சிவப்பு வடிகட்டி உண்டா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள், வாங்கிய பின் சி.டி. சோதனையைச் செய்யுங்கள். பிள்ளைகள் கையில் எதையும் கொடுக்காதீர்கள். கோடு பார்க்க ஆசை என்றால், இன்னும் சக்தி வாய்ந்த பேனாவைத் தேடிப் போக வேண்டாம், ஒரு மில்லிவாட்டுக்குக் குறைவான வகுப்பு 2 பேனாவும் ஒரு தம்ளர் நீரும் ஒரு சொட்டுப் பாலும் போதும். என் மதிப்பெண் சிவப்புக்கு ஐந்துக்கு நான்கு, ஊதாவுக்கு மூன்று, பச்சைக்கும் அந்தக் கண்ணாடிக்கும் சுழியம்.

விளையாட்டில் முதல் அறையை மாற்றிவிட்டேன். இப்போது அங்கே கதிர் தெரியாது. கண்ணாடிகளில் புள்ளிகள் மட்டும். சுவரோரமாக ஒரு நீராவிக் குழாயும் திருகுவால்வும் இருக்கின்றன. போன வாரம் அக்கா மகனை உட்கார வைத்தேன், ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கண்ணாடிகளைத் திருப்பினான், புள்ளிகளை எண்ணினான். பிறகு நேராகப் போய் வால்வைத் திறந்தான். ஆவி பரவியதும் கோடு வந்தது. இன்னும் திறந்தான், கோடு கரைந்தது. பாதியாக மூடிவிட்டு, "இவ்ளோ போதும் சித்தி" என்றான்.

பச்சைப் பேனாவின் பேட்டரிகளைக் கழற்றி, உடலில் "அகச்சிவப்பு கசிகிறது" என்று எழுதி ஒட்டி, மேல் அலமாரியில் வைத்திருக்கிறேன். கேமராவில் எடுத்த படத்தோடு விற்றவருக்கு எழுதியிருக்கிறேன். பதில் வந்ததும் இங்கே சேர்க்கிறேன்.